87178291201-உம் வல்லத்துப் பிள்ளையும்

8717 கோடியே 82 லட்சத்து 91 ஆயிரத்து 201.

எண்ணில் எழுதினால் 87178291201. பார்க்க லாட்டரிச் சீட்டு நம்பர் மாதிரி இருக்கும். ஆனா இந்த எண்ணுக்குப் பின்னால நம்ம பக்கத்து ஆள் ஒருத்தரோட கதை இருக்கு. கணக்குன்னாலே காத தூரம் ஓடுறவங்க பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் தெரிஞ்சா போதும். அதுவும் போரடிச்சா அந்தப் பத்தியைத் தாண்டிக் கீழே போயிடுங்க, கதை அங்கேயும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும் :-)

ஆளோட பேர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகத்துல எஸ்.எஸ். பிள்ளை. 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி குற்றாலம் பக்கத்துல வல்லத்துல பிறந்தவர். ராஜபாளையத்துல இருந்து சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர்னு போனா தென்காசி. அதைத் தாண்டினா வல்லம். சீசனுக்குக் குற்றாலம் போறப்போ நாம நூறு தடவை அந்தப் பக்கம் போயிருப்போம். இன்னைக்கு நாங்க விருதுநகர் மாவட்டம், அவங்க 2019-ல பிரிஞ்ச தென்காசி மாவட்டம். ஆனா அவர் பிறந்த காலத்துல ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசி எல்லாமே ஒரே திருநெல்வேலி ஜில்லாதான். 1910-ல ராமநாதபுரம் ஜில்லாவை உண்டாக்கினப்போதான் எங்களைப் பிரிச்சுக் கொண்டு போனாங்க. அதனால "நம்ம ஜில்லாக்காரர்"னு சொல்லிக்க எனக்குச் சட்டப்படியே உரிமை உண்டு!

பிறந்து ஒரு வருஷத்துக்குள்ள அம்மா கோமதி அம்மாள் தவறிட்டாங்க. சொந்தக்காரப் பாட்டி ஒருத்தங்கதான் வளர்த்தாங்க. செங்கோட்டைப் பள்ளிக்கூடத்துல படிப்பு. செங்கோட்டை அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது, 1956 நவம்பர்லதான் நம்ம பக்கம் வந்துச்சு. அங்கே சாஸ்திரியார்னு ஒரு வாத்தியார். பையன் கணக்குல வேற மாதிரி இருக்கான்னு முதல்ல கண்டுபிடிச்சவர் அவர்தான். பள்ளிக்கூடத்தோட கடைசி வருஷத்துல பிள்ளையோட அப்பாவும் போயிட்டார். அம்மா இல்லை, அப்பா இல்லை. அந்தக் காலத்துல இப்படி ஆன பையன்கள் என்ன ஆவாங்க? ஏதாவது கடையில கணக்கெழுதப் போவாங்க. அதோட முடிஞ்சது. சாஸ்திரியார் அப்படி விடலை. தன்னோட சம்பளத்துல இருந்து பணம் கொடுத்துப் படிக்க வச்சார். 1910-களில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோட சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அதுல ஒரு பங்கு, சொந்தமும் இல்லாத பந்தமும் இல்லாத ஒரு பையனுக்கு.

அப்புறம் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில உபகாரச் சம்பளத்துல இண்டர்மீடியட். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில பி.ஏ. 1927-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல ஆராய்ச்சி மாணவர், வழிகாட்டி கே. ஆனந்த ராவ். (அதே 1927-லதான் விருதுநகர்ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா தென்காசிக்கு ரயில் பாதை திறந்தாங்க. இன்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் ஓடுற அதே பாதை.) 1929-ல சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் அங்கே விரிவுரையாளரா சேர்ந்தார். அடுத்த 12 வருஷம் அங்கேதான். அவரோட பெரிய வேலை எல்லாம் நடந்தது அந்தப் பன்னிரண்டு வருஷத்துலதான். சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்துக்குக் கொடுத்த முதல் டி.எஸ்சி. பட்டமும் அவருக்குத்தான்.

சரி, நம்பருக்கு வருவோம்.

1770-ல கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எட்வர்ட் வாரிங் ஒரு புத்தகம் போட்டார். அதுல தன் மாணவர் ஜான் வில்சன் கண்டுபிடிச்சதுன்னு ஒரு விஷயம் எழுதினார். ஏதாவது ஒரு பகா எண்ணை எடுத்துக்கோங்க. உதாரணமா 7. அதுக்கு முன்னால இருக்கிற எல்லா எண்ணையும் பெருக்குங்க: 1×2×3×4×5×6 = 720. ஒன்று கூட்டினா 721. அது 7-ஆல மீதியில்லாம வகுபடும் (7×103). 11-க்கும் அப்படியே: பத்து வரைக்கும் பெருக்கி ஒன்று கூட்டினா 3628801, அது 11-ஆல வகுபடும். எந்தப் பகா எண்ணுக்கும் இது நடக்கும். வாரிங்குக்கும் நிரூபிக்கத் தெரியலை, வில்சனுக்கும் தெரியலை. அடுத்த வருஷமே லக்ராஞ்சி நிரூபிச்சுட்டார். வில்சன் கணக்கை விட்டுட்டு வக்கீலாகி, ஜட்ஜும் ஆயிட்டார். பேர் மட்டும் "வில்சன் தேற்றம்"னு நிலைச்சுப் போச்சு. சில பேருக்கு அப்படி அமைஞ்சிடுது.

இப்படி 1-ல இருந்து ஒரு எண் வரைக்கும் பெருக்கறதுக்குக் கணக்குல ஆச்சரியக்குறி போடுவாங்க. 6! = 720. படிக்கிறப்போ "ஆறு ஃபாக்டோரியல்".

இதைப் பிடிச்சுக்கிட்டு 1930 வாக்கில் பிள்ளை ஒரு கேள்வி கேட்டார். ஒரு எண்ணோட ஃபாக்டோரியலுடன் 1 கூட்டுறோம். வர்ற எண்ணை ஒரு பகா எண் வகுக்குதுன்னா, அந்தப் பகா எண்ணை நாம எடுத்துக்கிட்ட எண்ணால வகுத்தா எப்பவும் மீதி 1-தானா?

போட்டுப் பாருங்க. 3!+1 = 7; ஏழை மூணால வகுத்தா மீதி 1. 4!+1 = 25; அதை வகுக்கிறது 5, நாலால வகுத்தா மீதி 1. 5!+1 = 121, அது 11×11; பதினொண்ணை அஞ்சால வகுத்தா மீதி 1. 6!+1 = 7×103; 7, 103 ரெண்டையுமே ஆறால வகுத்தா மீதி 1. 7!+1 = 5041 = 71×71; எழுபத்தொண்ணை ஏழால வகுத்தா மீதி 1. பார்க்கப் பார்க்க, இது எப்பவுமே உண்மைதான் போலன்னு தோணுது இல்லையா?

இங்கேதான் லாகூர்ல இருந்து சர்வதமன் சௌலா வர்றார். பிள்ளையும் சௌலாவும் அந்த நாட்கள்ல விடாம கடிதம் எழுதிக்கிட்டவங்க, சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதினவங்க. கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, கணக்கெல்லாம் போஸ்ட்டில்தான். சௌலா ரெண்டு எண்ணைக் காட்டினார்: 14!+1, 18!+1. ரெண்டையுமே 23 வகுக்குது. ஆனா 23-ஐ 14-ஆல வகுத்தா மீதி 9, 18-ஆல வகுத்தா மீதி 5. அவ்வளவுதான், கேள்விக்கு விடை "இல்லை".

14!+1 என்னன்னு தெரியுதா? அதுதான் தலைப்புல இருக்கிற 87178291201. 23-ஆல வகுத்தா 379 கோடியே 3 லட்சத்து 60 ஆயிரத்து 487, மீதி கிடையாது. காகிதத்துல வகுத்துப் பார்க்கலாம், ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஆனா வகுக்கவே வேண்டாம். வழி ரொம்ப அழகு, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

வில்சன் தேற்றத்துப்படி 22!+1 என்பது 23-ஆல வகுபடும். இப்போ 22!-ல கடைசி நாலு எண்ணைப் பாருங்க: 22, 21, 20, 19. இதெல்லாம் 23-க்கு 1, 2, 3, 4 குறைவு. நாலு "குறைவு"களைப் பெருக்கினா கழித்தல் குறியெல்லாம் அடிபட்டுப் போயிடும். 1×2×3×4 = 24. 23-ஆல வகுத்தா மீதி 1. மீதிக் கணக்கைப் பொறுத்தவரை அந்த நாலு எண்ணும் சேர்ந்து ஒண்ணுக்குச் சமம், அதாவது இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான். தூக்கிப் போட்டுடலாம். மிச்சம் 18!. ஆக 18!+1-ம் 23-ஆல வகுபடும். அடுத்த நாலு: 18, 17, 16, 15. இவை 5, 6, 7, 8 குறைவு. 5×6×7×8 = 1680. 23×73 = 1679. மறுபடியும் மீதி 1! இதையும் தூக்கிப் போடுங்க. மிச்சம் 14!. முடிஞ்சது. எட்டாயிரத்துச் சொச்சம் கோடியைத் தொடவே இல்லை பாருங்க. அந்த 73-ஐ மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

இதுல இன்னொரு விஷயமும் உண்டு. ஏழு வரைக்கும் சரியா வர்ற விதி எட்டுலயே உடைஞ்சுடுது. 8!+1 = 40321 = 61×661. 61-ஐ எட்டால வகுத்தா மீதி 5, 661-க்கும் மீதி 5. அப்படின்னா 23-க்கு என்ன தனி மரியாதை? இப்படி விதியை மீறுற பகா எண்கள்ல மிகச் சின்னது 23-தான். அடுத்தது 29, அப்புறம் 59, 61, 67, 71... இதுக்கெல்லாம் இன்னைக்கு "பிள்ளை பகா எண்கள்"னே பேர். இவற்றுக்கு முடிவே கிடையாது, எண்ணற்றவைன்னு பின்னாடி எர்டிஷும் சுப்பாராவும் நிரூபிச்சாங்க. "இப்படி இருக்குமோ?"னு பிள்ளை கேட்டார், "இருக்காது"ன்னு பதில் வந்துச்சு. அந்த "இருக்காது"ங்கற எண்களுக்குக் கேள்வி கேட்டவர் பேரையே வச்சிருக்காங்க. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. நம்ம ஊர்ல தப்பாக் கேள்வி கேட்டா பெஞ்சு மேல ஏத்துவாங்க.

வாரிங்கோட அதே 1770 புத்தகத்துல இன்னொரு புதிரும் இருந்துச்சு. எந்த எண்ணையும் நாலு வர்க்கங்களோட கூட்டலா எழுதலாம், ஒன்பது கனங்களோட கூட்டலா எழுதலாம், பத்தொன்பது நாலாம் அடுக்குகளோட கூட்டலா எழுதலாம், "இன்னும் இப்படியே"ன்னு எழுதிட்டு விட்டுட்டார். நிரூபணம்? கிடையாது. மனுஷன் இந்த விஷயத்துல ரொம்பத் தாராளம். வர்க்கத்தை அதே 1770-ல லக்ராஞ்சி முடிச்சார். கனத்துக்கு 1912 வரைக்கும் ஆச்சு. அதுக்கு மேல உள்ள அடுக்குகள் தலைவலியாவே இருந்துச்சு.

ஆறாம் அடுக்கை எடுத்துக்கோங்க. இரண்டோட ஆறாம் அடுக்கு 64, மூன்றோடது 729. இப்போ 703-ங்கற எண்ணை ஆறாம் அடுக்குகளாப் பிரிக்கணும். 729 பெருசு, ஆகாது. 64-ஐப் பத்துத் தடவை எடுத்தா 640. மிச்சம் 63-க்கு 1, 1, 1-ன்னு அறுபத்து மூணு தடவை போட்டே ஆகணும். பத்தும் அறுபத்து மூணும் 73. பழைய நண்பர் வந்துட்டார் பாருங்க! (தற்செயல்தான், ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனா பார்த்ததும் ஒரு சந்தோஷம்.) ஆக 73 கட்டாயம் வேணும். ஆனா உலகத்துல உள்ள எல்லா எண்ணுக்கும், கோடி கோடி இலக்கம் உள்ள எண்ணுக்கும், 73 போதுமா? "போதும்"னு 1940-ல நிரூபிச்சது சிதம்பரத்துல உட்கார்ந்திருந்த வல்லத்துக்காரர். அதுக்கு முன்னாடியே 1935, 36-ல ஏழாம் அடுக்கும் அதுக்கு மேலேயும் உள்ள அடுக்குகளுக்கு, ஒரு நிபந்தனையோட, விடையை நிரூபிச்சிருந்தார். அதே நேரத்துல அமெரிக்காவுல டிக்சன்னு ஒரு பெரிய தலை தனியா அதே வேலையைச் செஞ்சுக்கிட்டிருந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு பக்கம், ஆறேழு வருஷம் முன்னாடி ஆரம்பிச்ச அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இன்னொரு பக்கம். ராமானுஜனுக்குப் பிறகு இந்தியக் கணிதத்துல நடந்த மிகச் சிறந்த சாதனைகள்ல இது ஒண்ணுன்னு கே. சந்திரசேகரன் பிற்பாடு எழுதினார்.

ஆறு சுலபம், அஞ்சும் நாலும் கஷ்டம்கிறதுதான் வேடிக்கை. அஞ்சாம் அடுக்குக்கு 37 போதும்னு 1964-ல சீனாவோட சென் ஜிங்ரன். நாலாம் அடுக்குக்கு வாரிங் சொன்ன 19 சரிதான்னு முடிவானது 1986-ல, அதாவது 216 வருஷம் கழிச்சு. அந்த மூணு பேர்ல ஒருத்தர், பிற்காலத்துல சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தோட இயக்குநரா இருந்த ஆர். பாலசுப்பிரமணியன். மற்ற ரெண்டு பேர் பிரெஞ்சுக்காரங்க, தெஷூயேயும் த்ரெஸ்ஸும்.

எனக்கு இதையெல்லாம் விடப் பிடிச்சது பிள்ளையோட ஒரு சின்ன வேலை. ஸ்கூல் பையன்கிட்டயும் சொல்லலாம். தொடர்ச்சியா சில எண்களை எடுத்துக்கோங்க. அதுல, மற்ற எதோடயும் பொதுக் காரணி இல்லாத எண் ஒண்ணாவது இருக்குமா? எல்லார் கூடவும் ஒட்டாம தனியா நிக்கிற ஆள் ஒருத்தர் இருப்பாரா? வரிசையில 16 எண் வரைக்கும் இருந்தா கண்டிப்பா ஒருத்தர் இருப்பார்னு பிள்ளை நிரூபிச்சார். 17 ஆனா அந்த உத்தரவாதம் போச்சு. முதல் உதாரணம் 2184-ல இருந்து 2200 வரைக்கும். இரட்டைப்படை எண்களுக்கு 2 பொது. மிச்சம் எட்டுதான்: 2185, 2195 ரெண்டுக்கும் 5. 2187, 2193, 2199 மூணுக்கும் 3. 2191-க்கு 7, அது 2184-லயும் இருக்கு. 2189-க்கு 11, அது 2200-ல இருக்கு. 2197-க்கு 13, அது 2184-ல இருக்கு. ஒருத்தர்கூடத் தனியாள் இல்லை!

17 எண்களுக்குள்ள அதிகபட்ச வித்தியாசம் 16. அதனால 17-ம் அதுக்கு மேல உள்ள பகா எண்களும் இதுல ரெண்டு பேரைச் சேர்க்க முடியாது. 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பேர்தான் வேலை செய்யணும். இந்த ஆறையும் பெருக்கினா 30030. ஆக 2184-ஓட 30030 கூட்டினா 32214-லயும் இதே நடக்கும், அப்படியே போய்க்கிட்டே இருக்கும். 30030-ல இருந்து திருப்பி எண்ணினா 27830-லயும் ஒண்ணு கிடைக்கும். ஒவ்வொரு 30030-க்கும் சரியா ரெண்டே ரெண்டு. காகிதத்தை எடுத்துட்டு உட்கார்ந்தா ஒரு மணி நேரத்துல சரிபார்த்துடலாம். 17-க்கு மேல எவ்வளவு நீளமான வரிசையா இருந்தாலும் இப்படி உடையும்னு பிள்ளை ஊகிச்சார். 430 வரைக்கும் அவரே காட்டினார். எல்லாத்துக்கும் உண்மைன்னு 1941-ல பிரவுவர் நிரூபிச்சார்.

அந்தப் பதினேழு எண்களுக்குள்ள இன்னொரு புதையலும் இருக்கு. 2187 என்பது மூன்றோட ஏழாம் அடுக்கு. 2197 என்பது பதின்மூன்றோட கனம். வித்தியாசம் 10. அட, 13-ல 3 போனாலும் 10-தானே! ரெண்டு குறிப்பிட்ட எண்களோட அடுக்குகளுக்குள்ள ஒரே வித்தியாசம் எத்தனை தடவை வரலாம்னு பிள்ளை 1930-கள்ல ஆராய்ஞ்சார். அதிகபட்சம் ரெண்டே தடவைதான்னு 2001-ல மைக்கேல் பென்னட் நிரூபிச்சார். 3-ம் 13-ம் அந்த ரெண்டு தடவைக்கு உதாரணம். இதோட பெரிய வடிவம்தான் "பிள்ளை ஊகம்": வர்க்கம், கனம் இப்படி எல்லா முழு அடுக்குகளையும் வரிசையா நிறுத்தினா, எந்த ஒரு வித்தியாசமும் முடிவில்லாம திரும்பத் திரும்ப வராது. வித்தியாசம் 1 வர்றது 8, 9-க்கு மட்டும்தான்னு மிகைலெஸ்கு 2002-ல நிரூபிச்சுட்டார். வித்தியாசம் 2-க்கே (25, 27) இன்னும் யாராலும் முடியலை. யாராவது முயற்சி பண்ணுங்கப்பா.

1941-ல திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் போனார். அடுத்த வருஷம் லெவி கூப்பிட்டு கல்கத்தா பல்கலைக்கழகம். 1950-ல பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்துல இருந்து ஒரு வருஷத்துக்கு அழைப்பு வந்துச்சு. அப்போ ஐன்ஸ்டீன் இருந்த இடம் அது. போற வழியில ஹார்வர்டுல உலகக் கணித மாநாடு, ஆகஸ்ட் 30-ல ஆரம்பம். போருக்குப் பிறகு நடந்த முதல் மாநாடு, பதினாலு வருஷ இடைவெளிக்கு அப்புறம். அதுல கலந்துக்கத்தான் கிளம்பினார்.

பம்பாய்ல இருந்து நியூயார்க் போற டி.டபிள்யூ.ஏ. விமானம், எண் 903. கெய்ரோவுல இறங்கி, 30-ஆம் தேதி ராத்திரி பதினொன்றரைக்கு மேல ரோமுக்குக் கிளம்புச்சு. கொஞ்ச நேரத்துல மூணாவது என்ஜின் தீப்பிடிச்சு, 31-ஆம் தேதி அதிகாலை இருட்டுல எகிப்துப் பாலைவனத்துல விழுந்துச்சு. 55 பேர். யாரும் பிழைக்கலை. எகிப்து சினிமாவுல அப்போ உச்சத்துல இருந்த நடிகை கமேலியாவும் அதுல இருந்தாங்க. பிள்ளைக்கு வயசு 49.

அந்த வருஷம் சென்னை மாகாணத்து முதலமைச்சர் எங்க ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா. அவர் பேர் இங்கே தெரியாத ஆள் கிடையாது. அறுபது கிலோமீட்டர் தள்ளிப் பிறந்த பிள்ளையை இங்கே யாருக்காவது தெரியுமான்னு கேட்டுப் பாருங்க. 1729-னு சொன்னா இன்னைக்கு எட்டாங்கிளாஸ் பையன்கூட ராமானுஜன்னு சொல்றான். ரொம்ப சந்தோஷம். 23-னு, 73-னு, 2184-னு சொன்னா வல்லம்னு சொல்ல ஒரு பத்துப் பேராவது வேணாமா?

2010-ல ராமானுஜன் கணிதக் கழகம் அவரோட கட்டுரைகளை எல்லாம் திரட்டி ரெண்டு தொகுதியா வெளியிட்டாங்க. பதிப்பாசிரியர்கள் மேலே சொன்ன அதே பாலசுப்பிரமணியனும் தங்கதுரையும். இறந்து சரியா அறுபது வருஷம் கழிச்சு. சாஸ்திரியார் அந்தக் கடைசி வருஷத்துல கொடுத்த காசு எத்தனை ரூபாய்னு எந்தத் தொகுதியிலும் இருக்காது.